நாடித்துடிப்பு நிலுவை

அந்த ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கி தவறு செய்யாது. ஒருமுறை அறிவிப்பாளர், இரண்டாம் நடைமேடைக்கு வரவேண்டிய வண்டியை வாய்தவறி ஐந்தாம் நடைமேடை என்று சொல்லிவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, திருத்திச் சொல்ல மறுபடி மைக்கை இழுப்பதற்குள் நிலைய மேலாளர் படியேறி ஓடிவந்துவிட்டார்.

“வேணாம்மா, வேணாம். சொன்னது சொன்னபடியே இருக்கட்டும். ரயிலை மாத்திக்கலாம்.”

ரயில் மாற்றப்பட்டது. ஐந்தாம் நடைமேடையில் நின்றுகொண்டிருந்த சரக்கு வண்டி எங்கோ தள்ளப்பட்டது. அன்றிலிருந்து, மைக்கில் ஒன்று சொல்லப்பட்டால் அது ஏற்கெனவே நடந்துவிட்டதாகவே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

அவள் பெயர் நிலையத்தில் யாருக்கும் தெரியாது. சுமை தூக்குகிறவர்கள் ‘மைக் அக்கா’ என்பார்கள். முதல் நடைமேடைக்கு மேலே, அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி அறை ஒன்றில் அவள் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாற்காலி, ஒரு மைக், புறா எச்சம் படிந்த கூரையின் காட்சி. வீட்டில் அவள் சொல்வது எதுவும் முதல் தடவையில் யார் காதிலும் விழாது. “சாப்பிட வாங்க” என்பதை மூன்று தடவை சொல்லவேண்டும்; மூன்றாவது தடவை கத்தினால், “ஏன் கத்தறே?” என்பது மட்டும் பதிலாக வரும். இங்கே அவள் “பயணிகள் கவனத்திற்கு” என்றதும், கையில் டீயோடு ஆயிரம் தலைகள் நிமிரும். அந்த நிமிர்தலுக்காகத்தான் வேலைக்கு வருகிறோம் என்பதை அவள் கணவரிடம் சொன்னதில்லை. தன்னிடமே சொல்லிக்கொண்டதில்லை.

புதிய இயக்குநர் அந்தக் காலத்தில்தான் வந்து சேர்ந்தார். அதற்கு முன் தண்ணீர் துறையில் இருந்தார். அங்கே அவர் என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் வரவில்லை என்பது மட்டும் ஊருக்கே தெரியும். பதவியேற்ற அன்றே ஊழியர்களைக் கூட்டிப் பேசினார்.

“நமது துறையின் இதயம் மெதுவாகத் துடிக்கிறது. இதை நான் என் அறையில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்தேன். வேறெங்கும் போக வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. ஊழியர்கள் ஓடினால் ரயில்கள் ஓடும். இது என் சொந்தச் சிந்தனை. இதற்காகக் குழு எதுவும் அமைக்கவில்லை, ஏனெனில் குழு மறுத்துவிடக்கூடும்.”

கைதட்டினார்கள். மறுவாரமே இதய நலப் பிரிவு தொடங்கியது. கண்ணாடி அறைக்கு நேரெதிரே, பெண் பயணிகள் காத்திருக்கும் அறையிலிருந்த பெஞ்சுகளை எடுத்துவிட்டு அங்கே டிரெட்மில்களை வைத்தார்கள். பெண் பயணிகள் வெளியே நின்றார்கள். நிற்பதும் உடற்பயிற்சிதான் என்று அவர்களுக்கு விளக்கப்பட்டது. பார்சல் பிரிவில் மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தவர், உடல் எடையிலும் பழக்கம் இருக்கும் என்ற கணக்கில், இதய நல அலுவலர் ஆனார்.

இயந்திரத்தோடு வந்த கையேட்டில், ஒருவரின் இதயம் அதிகபட்சம் எவ்வளவு துடிக்கலாம் என்பதற்கு ஒரு எளிய வழி போட்டிருந்தது: இருநூற்று இருபதிலிருந்து வயதைக் கழிக்கவேண்டும். அதற்கு மேல் போகக்கூடாது என்று கையேடு சொன்னது. அதுவரை போயே ஆகவேண்டும் என்று பிரிவு புரிந்துகொண்டது. எந்த வயது என்பதில்தான் சிக்கல். துறையில் எல்லாம் சேவை மூப்பின்படிதான் நடக்கும், நாற்காலியின் உயரம்கூட.

“ஏம்மா, உங்க வயசு?” என்று கேட்டார் இதய நல அலுவலர்.

“நாப்பத்தேழு சார்.”

“அது வீட்டு வயசு. அதை வீட்டிலேயே வெச்சுக்குங்க. வேலை நிரந்தரமானது எப்போ?”

பாதி ஆயுளைத் தற்காலிக ஊழியராகவே கழித்தவள் அவள். நிரந்தரமாகி ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சொன்னாள்.

“அப்போ உங்களுக்கு வயசு ஒன்பது!” அவர் முகம் மலர்ந்தது. “குடுத்து வெச்சவங்க. இருநூத்திப் பதினொண்ணு வரைக்கும் துடிக்கலாம். எனக்கெல்லாம் இருபத்தாறு ஆயிடுச்சு.”

“சார், எனக்குக் கல்யாணமாகி இருபது வருஷம்.”

“அதெல்லாம் கணக்குல வராதும்மா.”

“என் இதயம் அவ்வளவு துடிக்குமா சார்?”

“இதயத்தை யாரு கேட்டா? கணக்கு சொல்லுது.”

ஆக, ஓய்வு பெறப்போகிற கடைநிலை ஊழியர் காற்றாட நடந்தால் போதும். போன வருஷம் சேர்ந்தவர்களுக்கு நெஞ்சு வெடிக்கவேண்டும். மூத்தவர்கள் நிதானமாகவும் இளையவர்கள் படபடப்பாகவும் இருப்பது அந்த அலுவலகத்தில் காலங்காலமாக நடந்துவந்ததுதான். இப்போது உத்தரவாக வந்தது, அவ்வளவே.

டிரெட்மில்லில் அடையாள அட்டையைச் செருகினால் அது சேவை வயதைப் படித்து வேகத்தைத் தானே வைத்துக்கொள்ளும்; குறித்த நேரம் முடிந்தால்தான் நிற்கும். முதல் வாரத்தில் சிலர் சிவப்புப் பொத்தானை அழுத்தி இறங்கிவிட்டார்கள். பொத்தான் தவறான காரியத்துக்கு, அதாவது நிறுத்துவதற்கு, பயன்படுத்தப்படுவதாகக் கண்டறியப்பட்டு, அது பிடுங்கப்பட்டுப் பார்சல் அறையில் பத்திரப்படுத்தப்பட்டது. இன்னும் சிலர் ஓடும்போதே பக்கவாட்டில் குதித்தார்கள். அவர்களுடைய பாதுகாப்புக்காக, முதுகுப்பக்கம் பூட்டும் இடுப்புப் பட்டை வந்தது.

முதலில் அவளுக்கு இதெல்லாம் பிடித்திருந்தது என்பதையும் சொல்லியாகவேண்டும். நாற்காலியிலேயே இறுகிப்போன முதுகு தளர்ந்தது. வேர்த்து முடித்து முகம் கழுவும்போது கண்ணாடியில் யாரோ கொஞ்சம் இளையவள் தெரிந்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் யாரும் எதையும் எடுத்துக் கொடு என்று கேட்கமுடியாது. அந்தச் சிறு சுதந்திரம் அவளுக்கு வேண்டியிருந்தது. எந்த நாளில் அது வேறாகத் திரும்பியது என்று கேட்டால் அவளால் சொல்லமுடியாது. நல்லது எந்த இடத்தில் தடம் மாறுகிறது என்று சொல்ல அவளைப் போல ஒருத்தி எந்த உடம்புக்குள்ளும் மைக்கோடு உட்கார்ந்திருப்பதில்லை.

எவ்வளவு ஓடியும் அவள் இதயம் இருநூற்றுப் பதினொன்றை எட்டவில்லை. எட்டாத துடிப்புகள் அன்றன்றைக்கு அவள் பேரில் நிலுவையாக ஏறின. நிலுவையைத் தீர்க்கப் பணிக்கு முன்னால் ஓடினாள். பணி முடிந்து ஓடினாள். நிலுவை குறையவில்லை; கால்கள்தான் கனத்தன. கண்ணாடி அறைக்குப் போகும் படிகளில் பாதி வழியில் நிற்க ஆரம்பித்தாள். இரவில் அவள் படுத்தாலும் இதயம் படுக்கவில்லை; ஆள் வராத வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டே இருந்தது. சளி பிடித்தால் போக மறுத்தது. மகள் ஒரு தம்ளரைக் கீழே போட்டதற்குக் கத்தித் தீர்த்துவிட்டு, அந்தத் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தானே அழுதாள்.

“அம்மா, நீ ஒரு வாக்கியம் முழுசாப் பேசி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?” என்றாள் மகள். “தந்தி மாதிரியே பேசறே. சாப்பாடு. துணி. மின்விசிறி.”

“விடு, நல்லாத்தானே இருக்கு,” என்றார் கணவர், தலையை நிமிர்த்தாமல். “இப்பதான் சுருக்கமாப் பேசக் கத்துக்கிட்டிருக்கா.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மூச்சு வரவில்லை. அதனால் கணவர் சொன்னது சரியென்றே ஆகிவிட்டது.

தெருமுனை மருத்துவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். “உக்காந்திருக்கும்போதே இவ்வளவு வேகமா அடிக்குது. தூக்கமில்ல, பசியில்ல, சும்மாச் சும்மா அழுகை வருதுங்கறீங்க. உடம்பு லீவு கேக்குதும்மா. ரெண்டு வாரம் ஓடாதீங்க. அப்புறம் ஓடினாலும் பக்கத்துல ஆள் இருந்தா பேசிக்கிட்டே ஓடற அளவுக்குத்தான். பேச்சு அறுந்தா வேகத்தைக் குறைச்சுடணும்.”

அதை அவள் இதய நல அலுவலரிடம் அப்படியே சொன்னாள், இரண்டு தடவை மூச்சு வாங்கிக்கொண்டு.

“வெளி டாக்டருக்கு உங்க சேவை வயசு தெரியாதும்மா,” என்றார் அவர் பரிவோடு. “தூக்கம் வரலேன்னா சுறுசுறுப்பு கூடியிருக்குன்னு அர்த்தம். பசிக்கலேன்னா கட்டுப்பாடு. அழுகை வந்தா, வேர்வைக்கு இன்னொரு வழி கிடைச்சிருக்கு.”

“ஓய்வு வேணும் சார்.”

“தாராளமா. ஓய்வுக்கு ஒரு பரிசோதனை இருக்கு. மெஷின்ல ஓடுங்க. இலக்கை எட்டிட்டா நீங்க நல்லா இருக்கீங்க, ஓய்வு தேவையில்ல. எட்டலேன்னா பயிற்சி பத்தல, இன்னும் ஓடணும்.”

“விழுந்துட்டா?”

“விழுந்தா நேரத்தை நிறுத்தி வெப்போம். எழுந்ததும் விட்ட இடத்துலேர்ந்து தொடரும். நாங்க மனுஷங்கதானேம்மா?”

இதற்குள் இன்னொரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. அவள் ஓடிவிட்டு வந்து மைக்கின் முன் உட்கார்ந்ததும் அறிவிப்புகள் இப்படி வந்தன: “பயணிகள்… கவனத்… திற்கு… மூன்றாம்… ஐயோ… நடைமேடையில்…”

முதல் நாள் இதைக் கேட்ட பயணிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அறிவிப்பாளரே ஓடிவந்து மூச்சிரைக்கச் சொல்கிறாள் என்றால் விஷயம் பெரிதாகத்தான் இருக்கவேண்டும். ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பிறகு எல்லாரும் ஓடினார்கள். யாரையோ வழியனுப்ப வந்தவர்கள் ரயிலில் ஏறிவிட்டார்கள். போகவேண்டியவர்கள் கீழே நின்று கையசைத்தார்கள். ஒற்றைச் செருப்புகள் நடைமேடை முழுக்கக் கிடந்தன. ஆனால் வண்டிகள் நேரத்துக்குக் கிளம்பின.

இயக்குநர் உணர்ச்சிவசப்பட்டார். “இதய நலம் ஊழியர்களைத் தாண்டிப் பயணிகளிடமும் பரவிவிட்டது. டிக்கெட்டோடு உடற்பயிற்சியும் தருகிற ஒரே துறை நாம்தான். இதற்குக் கட்டணம் வாங்காதது நம் பெருந்தன்மை. எதிர்காலத்தில் அதையும் பரிசீலிப்போம்.”

அந்தப் பாராட்டில் அவள் பங்கு எங்கும் வரவில்லை. வந்தது வேறு. திட்டத்தின் முதலாண்டு விழாவுக்குள் நிலுவையைத் தீர்க்காதவர்கள் ‘இலகு பணி’க்கு மாற்றப்படுவார்கள்.

“உங்களுக்குத் தொலைந்த பொருள் அறைம்மா,” என்றார் அலுவலர். “அமைதியான இடம். பேச்சே இருக்காது.”

அவள் போய்ப் பார்த்தாள். படிக்கட்டுக்கு அடியில், ஜன்னலில்லாத அறை. குடைகள், ஒற்றைச் செருப்புகள், ஒரு கண்ணாடி டப்பாவில் யாரோ ஒருவரின் பல்செட். “பயணிகள் கவனத்திற்கு” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். ஒரு குடைகூட நிமிரவில்லை. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. வீட்டில் இல்லாத குரல், இங்கேயும் இல்லாமல் போனால், பிறகு அது எங்கேதான் இருக்கும்?

அதனால் மேலும் ஓடினாள்.

விழா முதல் நடைமேடையில் நடந்தது. மேடை நடுவில் ரிப்பன் கட்டிய டிரெட்மில். இயக்குநர் ஓடிக்கொண்டே உரையாற்றுவார் என்பது நிகழ்ச்சியின் சிறப்பு. அவர் புது டிராக் சூட்டில் வந்தார். விலைச்சீட்டு காலரில் ஆடிக்கொண்டிருந்தது. அவருக்காக இயந்திரத்தின் நேர வரம்பை எடுத்துவிட்டிருந்தார்கள். “ஐயாவோட மன உறுதிக்கு வரம்பு ஏது?” என்றார் இதய நல அலுவலர், இடுப்புப் பட்டையை முதுகுப்பக்கம் பூட்டியபடி.

இயக்குநரின் அட்டை உள்ளே போனது. அவர் இந்தத் துறைக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும், பதவியில் இன்னும் உறுதி செய்யப்படவில்லை. அந்தக் கோப்பு அவர் மேசையிலேயே கிடந்தது. இயந்திரம் கொஞ்சம் யோசித்துவிட்டு, சேவை வயது பூஜ்யம் என்று காட்டியது.

“சார்!” அலுவலருக்குக் கண் கலங்கிவிட்டது. “உங்களுக்குத்தான் முழு இருநூத்தி இருபது. கழிக்கறதுக்கே ஒண்ணுமில்ல!”

கண்ணாடி அறையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் ஓடிய ஓட்டத்தின் இரைப்பு இன்னும் அடங்கவில்லை.

“ஊழியர்களே,” என்று தொடங்கினார் இயக்குநர், நடந்தபடி. “உடல் ஒரு துறை. இதயம் அதன் இயக்குநர். இயக்குநர் ஓய்வெடுத்தால் துறை என்ன ஆகும்?” வேகம் கூடியது. “நான் தினமும் அதிகாலையில் எழுந்து… எழுந்து… மறுபடி… படுத்து…”

கைதட்டல்.

“இந்தத் திட்டத்தை… நான்… முழுசா… படிக்கல… கையெழுத்து… மட்டும்…”

“என்ன ஒரு எளிமை!” என்றார் அலுவலர் பக்கத்து மைக்கில்.

“டிரெட்மில்லு… மச்சான்… கம்பெனி…”

“குடும்பப் பாசம்!”

“தண்ணி… தண்ணி…”

“தன்னோட பழைய துறையை ஐயா இன்னும் மறக்கல!”

கூட்டம் அவர் காலடிக்குத் தாளம்போட்டுத் தட்டியது. தாளம் வேகமாக வேகமாக அவரும் வேகமானார். அல்லது அவர் வேகமாகத் தாளம் வேகமானது. இப்போது வாய் அசைந்தது, சொல் வரவில்லை. முகம் செங்கல் நிறத்திலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறியபோது அலுவலருக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. கைகள் பொத்தானைத் தேடின. பொத்தான் பார்சல் அறையில். பார்சல் அறை, விழாவை முன்னிட்டுப் பூட்டியிருந்தது. பட்டையை அவிழ்க்கப் போனால், ஆடுகிற முதுகில் பூட்டு நிற்கவில்லை.

“பிளக்கைப் புடுங்குய்யா!” என்று கத்தினார்.

மின் பணியாளர் பிளக்குக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தார். “எழுத்துல குடுங்க சார். போன தடவை வாய்ல சொன்னீங்கன்னு ஃபேனை நிறுத்தினதுக்கு எனக்கு மெமோ.”

“யோவ், ஐயா போயிடுவாருய்யா!”

“அதையும் எழுத்துல குடுங்க.”

அப்படி எழுதிக்கொடுக்கும் அதிகாரம் உள்ள ஒரே ஆள், ஓடிக்கொண்டிருந்தார்.

அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். தினமும் காலையில் முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம். சொல்ல ஏதோ இருந்து, சொல்ல மூச்சில்லாத முகம். கொஞ்சம் ஓடட்டுமே என்று அவளுக்குள் ஒருத்தி சொன்னாள். அந்த ஒருத்தியை அவள் விரட்டவில்லை. ஒரே ஒரு மூச்சு நேரம் அவளோடு உட்கார்ந்திருந்தாள். அவர் கணக்கிலும் ஏதாவது நிலுவை இருக்கட்டும்.

பிறகு மைக்கை இழுத்தாள். வாயைத் திறந்து, மூடினாள். இரைப்போடு சொன்னால் கூட்டம் ஓடத் தொடங்கிவிடும். கண்ணை மூடிக்கொண்டு, எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு, அடிவயிறுவரை மூச்சை இழுத்தாள். அது அவசரமில்லாமல் உள்ளே வந்தது.

“பயணிகள் கவனத்திற்கு. முதல் நடைமேடையில் ஓடிக்கொண்டிருக்கும் இயக்குநர் இத்துடன் நிற்கிறார். இன்று இதற்கு மேல் செல்லமாட்டார். மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது.”

வாக்கியம் முடிவதற்குள் பிளக் மின் பணியாளர் கையில் இருந்தது. ஒலிபெருக்கியில் வந்துவிட்ட ஒன்றுக்கு எழுத்துப்பூர்வமான உத்தரவு யார் கேட்பார்கள்? இயக்குநர் இடுப்புப் பட்டையில் துவைத்துப் போட்ட சட்டைபோல் தொங்கினார். தண்ணீர் கொடுத்தார்கள். இந்த முறை யாரும் விளக்கம் சொல்லவில்லை.

விசாரணை, இயக்குநர் எழுந்து உட்கார்ந்ததும் நடந்தது. அவர் கால்களை ஒரு ஸ்டூலின் மேல் நீட்டியிருந்தார்.

“இயக்குநரை நிறுத்தற அதிகாரத்தை உங்களுக்கு யாரு குடுத்தது?” என்றார் இதய நல அலுவலர்.

“நான் நிறுத்தல சார். நிக்கிறார்னு அறிவிச்சேன்.”

“நீங்க அறிவிச்சப்போ அவர் ஓடிக்கிட்டுதான் இருந்தார். அறிவிப்பு தப்பு.”

“தப்புன்னா மாத்திடலாம் சார்,” என்றாள் அவள். “ஐயாவை மறுபடி ஏத்திவிட்டா, நான் சரியா அறிவிச்சுடறேன்.”

இயக்குநர் ஸ்டூலிலிருந்து கால்களை மெல்ல எடுத்தார்.

“அறிவிப்பு சரிதான்,” என்றார்.

மறுநாள் உத்தரவு வந்தது. திட்டத்தில் குறையேதும் இல்லை. நிறுத்தம் முறைப்படி அறிவிக்கப்படாமல் இருந்ததுதான் குறை. இனி இயந்திரத்தில் ஏறும் ஒவ்வொருவரும் அறிவிப்பாளர் அறிவித்த பின்பே இறங்கவேண்டும். இந்தப் பொறுப்பு காரணமாக அறிவிப்பாளரை வேறெங்கும் மாற்ற இயலாது. நிலுவைகள் பற்றி உத்தரவு வாய் திறக்கவில்லை. இயக்குநருடைய நிலுவைதான் எல்லாரையும்விடப் பெரிதாக இருந்தது.

இப்படியாக, திட்டம் இன்றும் முழு வீச்சில் நடக்கிறது. காலையில் ஊழியர்கள் வரிசையில் வந்து அட்டையைச் செருகுகிறார்கள். இயந்திரம் ஓட ஆரம்பிக்கிறது. கொஞ்சம் வேர்த்து, முகம் மலர்ந்து, பக்கத்து ஆளோடு ஊர்க்கதை பேசுகிறார்கள். பேச்சு எங்கே அறுகிறதோ அங்கே அவள் மைக்கை இழுக்கிறாள். “டிக்கெட் பிரிவு ஊழியர் இத்துடன் நிற்கிறார்.” ஊழியர் பங்கேற்பு நூறு சதவீதம் என்று இயக்குநர் மேலிடத்துக்கு எழுதி, அதற்கு ஒரு கேடயம் வாங்கினார். வாங்கப் போகும்போது மேடைப் படிகளில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

முதல் நாள் அவள் தனக்காகவும் ஒன்றை அறிவித்துக்கொண்டாள். “அறிவிப்பாளர் இன்று புறப்படமாட்டார்.” சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். கீழே டீயோடு தலைகள் நிமிர்ந்து, மறுபடி குனிந்தன. மறுநாளும் புறப்படவில்லை. தூக்கம் வெட்கப்படும் விருந்தாளிபோல் முதலில் வாசலில் நின்றது, பிறகு உள்ளே வந்தது. ஒரு நாள் கண்ணாடி அறையின் படிகளை நிற்காமல் ஏறிவிட்டு, ஏறியதே தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலை வீட்டில் கணவர் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எதிரில் போய் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். தொலைந்த பொருள் அறையில் குடைகளுக்கு நடுவே நின்றதிலிருந்து, தம்ளரைப் பிடித்துக்கொண்டு அழுததிலிருந்து, அவர் நிமிராமல் சொன்ன அந்த ஒரு வார்த்தையிலிருந்து, எங்கும் முற்றுப்புள்ளி வைக்காமல், மைக்கில் பேசுகிற குரலில் பேசினாள். கதவோரம் மகள் வந்து நின்றாள். அவர் சத்தத்தைக் குறைத்தார். பிறகு அணைத்தார். தலை நிமிர்ந்தது.

“முடிஞ்சுதா?” என்றார் நடுவில், மெதுவாக.

“இல்லைங்க,” என்றாள் அவள். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். நிறைய மிச்சமிருந்தது. “இன்னும் இருக்கு. கேளுங்க.”